தவறிய அழைப்பு

கோய்டு லாரி நிறுத்தத்தில்
வேர்க்கடலைக் குழம்பும் சோறும் விற்பவள் நான்.
பெயர் ஃபிண்டா.
கோழி அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன்;
தங்கைதான் அறுப்பாள்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு யாரும் என்னைத் தைரியசாலி என்று
எழுதிவைத்துவிடக் கூடாது.

பாஸ்டர் கமாண்டாவின் பிரசங்கத்தில்
ஆண்டவர் அழைத்தால் இடி இடிக்கும், மலை புகையும்.
எனக்கு வந்தது ஒரு மிஸ்டு கால்.
ஒரே மணி. அறுந்துவிட்டது.
காசில்லாதவன் எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவான்:
உன் காசில் நீ திருப்பிக் கூப்பிட வேண்டும்.

கூப்பிட்டேன்.
எடுத்தது அயா, டயர் பஞ்சர் ஒட்டுகிறவன்.
எபோலா வந்த அந்த மழைக்காலத்தில்
பிணம் புதைக்கும் குழுவில் சேர்ந்திருந்தான்.
"அக்கா, செத்தது ஒரு பொம்பளை.
ஆம்பளைங்க தொடக் கூடாதுன்னு
வாசல்ல கத்தியோட நிக்கிறாங்க.
ஒரு பொம்பளை வேணும்."
"இந்த ஊர்ல வேற பொம்பளையே இல்லையா?"
"பதினோரு பேருக்கு அடிச்சேன்.
நீதான் திருப்பிக் கூப்பிட்டே."

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது,
இருபது தட்டுக்கு வரும்.
அதை யார் தலையில் கட்டுவது என்றுதான்
முதலில் யோசித்தேன்.
மன்னியும் ஆண்டவரே,
உம்மைப் பற்றி யோசிக்கவில்லை.

மஞ்சள் உடை. கைக்கு இரண்டு உறை.
முகமூடிக்குள் என் மூச்சே எனக்கு
வேர்க்கடலையாக மணத்தது.
கண்ணாடிக்குள் வியர்வை வழிந்து
உலகம் பாதி நீருக்குள் போயிற்று.
உள்ளே இருப்பது யார் என்று தெரிய
அயா என் முதுகில் பெயர் எழுதினான்,
ஓர் எழுத்தை விட்டுவிட்டு.

கத்தியோடு நின்றவனுக்குப்
பதினேழு வயது இருக்கலாம்.
செத்தவள் அவன் அம்மா.
சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள்
எல்லாம் மறந்துபோயின.
"அம்மா பேரென்ன?" என்றேன்.
"கும்பா."
"கும்பாவுக்கு என்ன நிறம் பிடிக்கும்?"

கத்தியை அவன் கீழே போடவில்லை.
கொடியில் மழையில் நனைந்துகொண்டிருந்த
நீலத் துணியைக்
கத்தி முனையாலேயே எடுத்து
என் காலடியில் எறிந்தான்.

கழுவக் கூடாது. கன்னத்தைத் தொடக் கூடாது.
ஜிப்பை இழுக்கும் முன்
நீலத்தை அவள் மேல் விரித்தேன்.
"கும்பா" என்று கூப்பிட்டேன்,
சில்லறையை மறந்துவிட்டுப் போகும்
வாடிக்கையாளரைக் கூப்பிடுவதுபோல.
கால் நடுங்கியது. கொஞ்சம் சிறுநீர் கசிந்தது.
அத்தனை பிளாஸ்டிக்குக்குள் யாருக்கும் தெரியவில்லை.
உமக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நாற்பத்தாறு பேர்.
எல்லோரையும் பெயர் கேட்டுத்தான் தூக்கினேன்.
ஒரு கைக்குழந்தைக்கு இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை;
அன்றைக்கு எதுவும் சொல்லாமல் குழிவரை நடந்தேன்.

என் சோற்றை யாரும் வாங்கவில்லை.
கோயிலில் ஒரு முழு பெஞ்சு எனக்கே.
"துணிவுள்ள மகள்" என்று மைக்கில் புகழ்ந்த பாஸ்டர்,
வாசலில் என்னைக் கண்டதும்
பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும்
இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.
அவரைக் குறை சொல்லவில்லை.
நானும் அப்படித்தான் பிடித்திருப்பேன்.

ஆனால் உம்மிடம் ஒன்று கேட்க வேண்டும்.
அந்தப் பதினோரு பேரும் கெட்டவர்களா?
ஹவா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.
சியாவின் போனில் சார்ஜ் இல்லை.
அன்று அவள் தெருவில் கரண்ட் இருந்திருந்தால்
மஞ்சள் உடையின் முதுகில்
அவள் பெயர் இருந்திருக்கும்,
என்னைவிட நன்றாகச் செய்திருப்பாள்,
நான் குழம்பைக் கிளறிக்கொண்டு
அவளிடமிருந்து நாலடி தள்ளி நின்றிருப்பேன்.
தேர்ந்தெடுத்தீரா, தட்டுப்பட்டேனா?
பதில் வரவில்லை.
உம்மிடம் எப்போதும் பேலன்ஸ் இருப்பதில்லை.

இப்போது நிறுத்தத்தில் கூட்டம் திரும்பிவிட்டது.
சிலர் இரண்டாம் கரண்டி கேட்கிறார்கள்.
கோழியைத் தங்கைதான் அறுக்கிறாள்.
ஆனாலும் சந்தைக்குப் போனால்
அரிசி வாங்கும் முன்
ஒரே ஓர் அழைப்புக்குப் போதுமான காசைப்
போனில் போட்டுவைக்கிறேன்.